எத்தனை டன் இருந்தால் குரூசர்?

தமிழ்ப் பத்திரிகைகளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. கடலில் மிதக்கிறதா, பீரங்கி வைத்திருக்கிறதா, அது போர்க்கப்பல். முடிந்தது. என்றைக்காவது மொழிபெயர்ப்பாளர் உற்சாகமாக இருந்தால் 'நாசகாரிக் கப்பல்' என்று போடுவார். மற்றபடி கொர்வெட், ஃப்ரிகேட், டெஸ்ட்ராயர், குரூசர் எல்லாமே ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் விண்வெளி ரோல்-பிளேயிங் கேம் விளையாடுகிறவர்கள் நாலு பேரை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, "அறுநூறு டன் கப்பல் குரூசரா, எஸ்கார்ட்டா?" என்று கேட்டுப் பாருங்கள். பகடையை யாரும் தொட மாட்டார்கள். விடிந்துவிடும்.

(தெரியாதவர்களுக்கு: இது கம்ப்யூட்டர் கேம் இல்லை. காகிதம், பென்சில், பகடை. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், விதிப் புத்தகம் நீதிபதி. விண்வெளிக் கதை என்றால் கப்பல் வேண்டும், கப்பல் என்றால் எது பெரிது என்ற சண்டையும் கூடவே வரும்.)

பெரும்பாலான கேம்கள் ஒரே ஏணியைத்தான் வைத்திருக்கின்றன. கீழே கொர்வெட், அதற்கு மேல் ஃப்ரிகேட், டெஸ்ட்ராயர், குரூசர், பேட்டில்ஷிப், உச்சியில் ட்ரெட்நாட். ஒவ்வொரு படிக்கும் இத்தனை டன் அல்லது இத்தனை மீட்டர். பார்க்க அழகாக இருக்கும். கடற்படைகளே சொல்லிக்கொடுத்த விஞ்ஞான வகைப்பாடு என்று தோன்றும்.

உண்மையில் இந்தப் பெயர்கள் அளவைக் குறிப்பதற்காகப் பிறந்தவையே அல்ல. 1893-ல் பிரிட்டன் கடலில் இறக்கிய ஹெச்.எம்.எஸ். ஹாவக் என்ற கப்பல் சுமார் 240 டன். வேகமாக வந்து டார்பிடோ போட்டுவிட்டு ஓடும் சின்னப் படகுகளைத் துரத்தி அடிப்பது அதன் வேலை. ஆகவே 'டார்பிடோ படகு டெஸ்ட்ராயர்' என்ற ரகம். வேலையின் பெயர்தான் பாதி உதிர்ந்து டெஸ்ட்ராயர் ஆனது. குரூசர் என்றால் தனியாக நெடுந்தூரம் சுற்றி வரக்கூடியது என்று அர்த்தம். ட்ரெட்நாட் வகையே கிடையாது. 1906-ல் வந்த ஒற்றைக் கப்பலின் பெயர். அது மற்ற எல்லாவற்றையும் பழசாக்கிவிட்டதால், அதற்குப் பிறகு வந்தவற்றுக்கெல்லாம் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஜெராக்ஸ் மாதிரி.

அப்புறம் எப்படி டன் கணக்கு உள்ளே வந்தது? வக்கீல்களால். முதல் உலகப் போர் முடிந்து எல்லோரும் கடனில் மூழ்கியிருந்தபோது, 1922-ல் வாஷிங்டன் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெரிய போர்க்கப்பல் 35,000 டன்னுக்கு மேல் போகக் கூடாது. அதற்குக் கீழே உள்ள கப்பல்கள் 10,000 டன், 8 அங்குல பீரங்கி, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எரிபொருளைக் கணக்கில் சேர்க்காமல் எடை போடுவது என்று டன்னுக்கே ஒரு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. எல்லை போட்டவுடன் என்ன நடக்கும் என்று ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குத் தெரியும். எல்லோரும் சரியாக எல்லைக் கோட்டின் மேல் வந்து நின்றார்கள். 10,000 டன், 8 அங்குலம் என்று ஒரு புது ஜாதிக் கப்பலே கிளம்பியது.

1930-ல் லண்டனில் இன்னொரு ஒப்பந்தம். இம்முறை குரூசர்களில் ஹெவி, லைட் என்று பிரித்தார்கள். பிரித்தது எடையை வைத்து இல்லை, பீரங்கியின் வாயளவை வைத்து. 6.1 அங்குலத்துக்கு மேல் என்றால் ஹெவி. ஜப்பான் மொகாமி என்ற வகையை 6.1 அங்குல பீரங்கிகள் பதினைந்து வைத்துக் கட்டியது. லைட் குரூசர், கை சுத்தம். பசிபிக் போர் தொடங்குவதற்கு முன் அவற்றைக் கழற்றிவிட்டு 8 அங்குல பீரங்கிகள் பத்தை மாட்டினார்கள். அதே உடம்புதான், இப்போது ஹெவி குரூசர்.

அமெரிக்கா இதைவிட ஒரு படி மேலே போனது. சோவியத்திடம் குரூசர் அதிகம், நம்மிடம் குறைவு என்ற பேச்சு அங்கே வெகுநாளாக இருந்தது. 1975 ஜூன் 30-ல் பல பெரிய 'ஃப்ரிகேட்'களைக் குரூசர் என்று பெயர் மாற்றினார்கள். ஒரு ஆணி கூடப் புதிதாக அடிக்காமல் இடைவெளி மறைந்தது. டிகாண்டெரோகா வகைக் கப்பல் டெஸ்ட்ராயராகத் திட்டமிடப்பட்டு, கட்டும்போதே 1980-ல் குரூசர் ஆனது. அது பத்தாயிரம் டன்னுக்குச் சற்றுக் குறைவு. பிறகு வந்த ஜும்வால்ட் 15,000 டன்னைத் தாண்டும், ஆனால் அதற்குப் பெயர் டெஸ்ட்ராயர்! ஹாவக்கைப் போல அறுபது மடங்குக்கு மேல்.

இந்தக் குழப்பம் முழுவதையும் கேம் எழுதியவர்கள் தூக்கிக்கொண்டு விண்வெளிக்குப் போனார்கள். குற்றம் சொல்வதற்கில்லை. விளையாடுகிறவருக்கு 'குரூசர்' என்றவுடன் நடுத்தரப் பெரிசு, 'ட்ரெட்நாட்' என்றவுடன் ஓடு என்று புரிந்துவிடுகிறது. 1979-ல் வந்த ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ், ஸ்டார் ட்ரெக்கின் என்டர்பிரைஸை ஹெவி குரூசர் என்று வைத்து, அதற்குக் கீழே டெஸ்ட்ராயர், மேலே ட்ரெட்நாட் என்று ஏணி கட்டியது. ஸ்டார் வார்ஸ் இன்னும் வேடிக்கை. அங்கே 1,600 மீட்டர் நீளமுள்ள ராட்சசனுக்கு ஸ்டார் டெஸ்ட்ராயர் என்று பெயர். நட்சத்திரத்தையே அழிப்பது என்ற தொனிக்காக வைத்திருப்பார்கள் போல. ஆனால் கடற்படை ஏணியைப் படித்தவர்கள், "டெஸ்ட்ராயரே இவ்வளவு பெரிது என்றால் பேட்டில்ஷிப் எங்கே?" என்று பல வருடங்கள் சண்டை போட்டார்கள்.

அந்தச் சண்டையில் புகழ்பெற்ற அத்தியாயம் டார்த் வேடரின் எக்ஸிக்யூட்டர். 1987-ல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் ஸ்டார் வார்ஸ் ரோல்-பிளேயிங் கேம் வெளியிட்டபோது அதன் நீளம் 8 கிலோமீட்டர் என்று போட்டார்கள். ரசிகர்கள் படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி, பக்கத்தில் நிற்கும் ஸ்டார் டெஸ்ட்ராயரை அளவுகோலாக வைத்து அளந்து, இது பொய் என்றார்கள். எண் படிப்படியாக ஏறி, கடைசியில் 19 கிலோமீட்டரில் வந்து நின்றது. எட்டுக்கும் பத்தொன்பதுக்கும் இரண்டரை மடங்குகூட இல்லையே என்று நினைத்தால், அங்கேதான் நீளத்தை வைத்து வகைப்படுத்துவதன் ஏமாற்று இருக்கிறது. உருவம் மாறாமல் நீளம் இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்காகும். 8 கிலோமீட்டர் கப்பல் சாதா ஸ்டார் டெஸ்ட்ராயரைப் போல 125 மடங்கு. 19 கிலோமீட்டர் கப்பல் கிட்டத்தட்ட 1,700 மடங்கு. பத்தாம் வகுப்புக் கன அளவுப் பாடத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் பல நட்புகள் காப்பாற்றப்பட்டிருக்கும் :-)

இந்த விஷயத்தில் ஒழுங்காக யோசித்த கேம் டிராவலர். 1977-ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்திலிருந்து கேம் டிசைனர்ஸ் வொர்க்ஷாப் என்ற சிறிய கம்பெனி வெளியிட்டது. முக்கியமாக எழுதியவர் மார்க் மில்லர். கறுப்பு அட்டை போட்ட மூன்று சின்னப் புத்தகங்கள். அதில் கப்பலின் அளவு டன்னில்தான் சொல்லப்படும், ஆனால் அந்த டன் எடை இல்லை. ஒரு டன் திரவ ஹைட்ரஜன் எவ்வளவு இடத்தை அடைக்குமோ அவ்வளவு இடம். சுமார் 14 கன மீட்டர். ஏன் ஹைட்ரஜன்? கப்பலின் எரிபொருள் அதுதான். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவ, தாவும் ஒவ்வொரு படிக்கும் கப்பலின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு எரிபொருளுக்குப் போய்விடும். ஆகவே கப்பலை எவ்வளவு கனம் என்று கேட்பதைவிட எவ்வளவு கொள்ளும் என்று கேட்பதுதான் முறை. டன் என்ற சொல்லே பழைய காலத்தில் ஒயின் பீப்பாயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இன்றைக்கும் வணிகக் கப்பல்களின் 'கிராஸ் டன்னேஜ்' என்பது கொள்ளளவிலிருந்து வரும் எண்தான். மில்லர் புதுமை செய்வதாக நினைத்துப் பழைமைக்குத் திரும்பியிருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். டிராவலரின் மிகச் சிறிய நட்சத்திரக் கப்பலான ஸ்கவுட் 100 டன். 1,400 கன மீட்டர். பத்துக்குப் பத்து மீட்டர் மனையில் 14 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய நாலு மாடிக் கட்டிடம். அதில் 40 டன் எரிபொருள். நிமிட்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பல் ஒரு லட்சம் டன் தண்ணீரை விலக்குகிறது. அதாவது தண்ணீருக்குக் கீழே உள்ள அதன் உடல் டிராவலர் கணக்கில் வெறும் 7,000 டன். இந்தக் கேமின் பெரும் ராட்சசி டைக்ரஸ் வகை ட்ரெட்நாட், 5,00,000 டன். கேட்கவே நடுக்கமாக இருக்கிறதா? அது உருண்டை வடிவம். 70 லட்சம் கன மீட்டர் உருண்டையின் விட்டம் 240 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிமிட்ஸின் நீளம் 333 மீட்டர். நீளத்தை வைத்து வகைப்படுத்தும் கேமில் டைக்ரஸ் ஒரு சின்னப் பெண்.

முதலில் வந்த விதிகளில் பெரிய கப்பலே 5,000 டன்தான். அந்த உலகத்தில் 400 டன் கப்பல் 'பேட்ரல் குரூசர்', 800 டன் கப்பல் 'மெர்சினரி குரூசர்'. யாருக்கும் உறுத்தவில்லை. பிறகு ஹை கார்ட் என்ற கடற்படைப் புத்தகம் (1979, திருத்திய பதிப்பு 1980) வந்து பத்து லட்சம் டன் வரை கதவைத் திறந்துவிட்டது. பழைய குரூசர்கள் அதே பெயரோடு, அரை கோடி கன மீட்டர்களுக்கு நடுவே, அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட பையன்களாக நின்றன. இன்றுவரை ரசிகர்கள் இதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிரதேசக் காவலுக்கு அதுவே குரூசர் வேலை செய்கிறது என்பது அவற்றில் நல்ல சமாதானம். அது பெயரை அளவிலிருந்து பிரித்து மறுபடி வேலையோடு சேர்க்கிறது, ஹாவக் காலத்து வழக்கப்படி.

ஹை கார்டில் அளவு அலங்காரத்துக்கு இல்லை, விதியாகவே இருந்தது. 1,000 டன்னுக்கு 'ஏ', 10,000 டன்னுக்கு 'கே', லட்சத்துக்கு 'ஆர்' என்று ஒவ்வொரு அளவுக்கும் ஒரு எழுத்து. சின்னக் கப்பலைக் குறி வைப்பது கடினம், பெரிசைச் சுடுவது சுலபம். ஆனால் கப்பலின் முதுகெலும்பு மாதிரி நீளவாக்கில் பொருத்தும் பெரும் பீரங்கியைப் பெரிய கப்பலால்தான் சுமக்க முடியும். தாக்கும் ஆயுதத்தின் எண் கப்பலின் அளவு எண்ணைவிடப் பெரிதானால் படுகாயம் நிச்சயம். ஆகவே படித்தவர்கள் எல்லோரும் வந்துசேர்ந்த முடிவு ஒன்றுதான்: பெரிதாகக் கட்டு, பெரிய பீரங்கி வை.

இந்த முடிவை உடைத்தவர் இந்தக் கேமை அதற்கு முன் விளையாடியே இராத ஒரு கம்ப்யூட்டர் ஆசாமி. டக்ளஸ் லெனட், அப்போது ஸ்டான்ஃபோர்டில் இருந்தார். 1981-ல் 'டிரில்லியன் கிரெடிட் ஸ்குவாட்ரன்' என்ற போட்டி கலிஃபோர்னியாவின் சான் மடேயோவில் நடந்தது. ஆளுக்கு ஒரு டிரில்லியன் கிரெடிட் பட்ஜெட், ஹை கார்ட் விதிப்படி ஒரு கடற்படையை வடிவமைத்து வந்து மோத வேண்டும். லெனட் யூரிஸ்கோ என்ற தன் புரோகிராமுக்கு விதிகளை ஊட்டி, ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டர்களில் இரவிரவாகப் போர்களை ஓடவிட்டார். காலையில் வந்து பார்த்து, அசட்டுத்தனமானவற்றைத் தள்ளி, மற்றவற்றைத் தட்டிக்கொடுத்து மறுபடி ஓடவிடுவார். வெற்றியில் 60 சதவீதம் லெனட், 40 சதவீதம் யூரிஸ்கோ என்று பின்னால் அவரே பங்கு பிரித்தார்.

யூரிஸ்கோ கொண்டுவந்த படையில் 96 கப்பல்கள். பெரும்பாலானவை சிறியவை, ஆமை வேகம், தடித்த கவசம், ஏராளமான சின்ன ஆயுதங்கள். ஏணியில் எந்தப் படியிலும் உட்காராத உருவங்கள். மற்றவர்கள் பெரிய கப்பல்களாகக் கம்பீரமான படைகளோடு வந்திருந்தார்கள். முதலில் சிரித்திருப்பார்கள். அந்தப் படை ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது.

மற்ற போட்டியாளர்கள் முட்டாள்கள் இல்லை. விதிகளை லெனட்டைவிடப் பல மடங்கு நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் அவர்கள் தாளை எடுத்தவுடன் முதலில் எழுதியது 'பேட்டில்ஷிப்' என்ற சொல்லாக இருந்திருக்கும். அந்தச் சொல் வந்தவுடன் கூடவே ஒரு உருவம் வந்துவிடுகிறது, அப்புறம் அந்த உருவத்துக்கு நடுவில்தான் எண்களை மாற்றிப் பார்ப்பார்கள். யூரிஸ்கோவுக்கு ஜட்லாண்டும் தெரியாது, ட்ரெட்நாட்டும் தெரியாது. அதற்கு எல்லாமே எண்கள்.

அடுத்த வருடம் விதிகளை மாற்றினார்கள். கடற்படையின் சுறுசுறுப்புக்கு முக்கியத்துவம் கொடுத்து, பழைய ஆமைப் படை செல்லாதபடி செய்தார்கள். 1982-லும் யூரிஸ்கோதான் ஜெயித்தது. இம்முறை அது கண்டுபிடித்த தந்திரத்தில் ஒன்று எளிமையானது. அடிபட்டு மெதுவாகிவிட்ட கப்பல் மொத்தப் படையின் வேகத்தையும் இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே அடிபட்ட சொந்தக் கப்பலைத் தானே அழித்துவிடு. படை மறுபடி சுறுசுறுப்பாகிவிடும். விதிப் புத்தகத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை. இன்னொரு தடவை இது ஜெயித்தால் போட்டியையே நிறுத்திவிடுவோம் என்று நடத்துகிறவர்கள் சொன்னார்கள். லெனட் விலகிக்கொண்டார். அவர் 2023-ல் காலமானார். அவரைப் பற்றி எழுதியவர்களில் பலர் இந்தக் கதையைச் சொல்லாமல் விடவில்லை.

அந்தத் தந்திரத்தைப் படிக்கும்போது முதலில் வருவது சிரிப்பு. கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று வருகிறது. ஹை கார்ட் விதிப்படி கப்பல் கட்டும்போது, அளவு எழுத்து, கவசம், பீரங்கி எல்லாம் போட்டு முடித்தபின் ஆட்கணக்குப் போட வேண்டும். கட்டளைப் பிரிவு, இயந்திரப் பிரிவு, பீரங்கிப் பிரிவு, சமையல் போன்ற சேவைப் பிரிவு என்று தனித்தனியாக. அளவு கூடக் கூட ஆட்களும் கூடும். போட்டியில் அந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

நிஜக் கடலில் பார்க்க வேண்டியிருந்தது. பேட்டில்குரூசர் என்றொரு வகை உண்டு. பேட்டில்ஷிப் அளவு உடம்பு, பேட்டில்ஷிப் பீரங்கி, ஆனால் வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்தது. குரூசர்களை வேட்டையாடுவது அதன் வேலை. ஆனால் அவ்வளவு பெரிய பீரங்கியோடு ஒன்று கையில் இருக்கும்போது, பெரிய சண்டைக்கு அதை அனுப்பாமல் இருக்க எந்த அட்மிரலுக்கும் மனம் வரவில்லை. 1916 மே 31, ஜட்லாண்ட். எதிரே இருந்தவர்களிடமும் பெரிய பீரங்கிகள்தான். இன்டிஃபாட்டிகபிள், குவீன் மேரி, இன்வின்சிபிள் என்று மூன்று பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்கள் ஒரே நாளில் வெடித்துச் சிதறின. கவசம் மட்டும் காரணமில்லை, வெடிமருந்தைக் கையாண்ட அலட்சியமும் சேர்ந்துகொண்டது. மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய 3,300 பேர்.

டிராவலரை வெறும் கடற்படைப் போட்டியாக இல்லாமல், ரோல்-பிளேயிங் கேமாகவே விளையாடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் தெரியும். அந்த கேமில் ஒரு பாத்திரத்தை உருவாக்குவதே ஒரு வாழ்க்கை வரலாறு. கடற்படையில் சேர்ந்தான், நாலு வருடம் பணி, பதவி உயர்வு, மறுபடி நாலு வருடம், ஓய்வு. பகடை சரியாக விழாவிட்டால் ஆட்டம் தொடங்கும் முன்பே, பாத்திரத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆள் செத்துப்போவான். தப்பிப் பிழைத்தவன் 200 டன் ஃப்ரீ டிரேடர் ஒன்றைத் தவணையில் வாங்குவான். மாதம் விலையில் 240-ல் ஒரு பங்கு, 480 மாதம். அதாவது நாற்பது வருடம் கட்டி, இரண்டு கப்பல் விலை கொடுத்து ஒரு கப்பல். இந்த ஆளுக்கு முன்னால் 400 டன் பேட்ரல் குரூசர் வந்து நின்றால், அதைக் குரூசர் என்பதா எஸ்கார்ட் என்பதா என்று அவன் கேட்க மாட்டான். அவனுடைய கப்பலைப் போல இரண்டு மடங்கு, அதில் பீரங்கி இருக்கிறது, சரக்குப் பட்டியலில் எழுதாத இரண்டு பெட்டிகள் கீழே இருக்கின்றன. மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். யாராவது ஒருவர் பகடையைக் கையில் எடுப்பார்.